கோர்ட்டு நேரம்

மஞ்சனத்திக்குளத்தில் சாயங்காலம் ஐந்து நாற்பத்திரண்டு ஆனதும் அடுத்தபடியாக ஐந்து நாற்பத்தாறு வந்துவிடும், நடுவில் இருக்க வேண்டிய நாலு நிமிஷம் பதினேழு நொடி அந்த ஊருக்குக் கிடையாது, மூன்று வருஷமாகக் கிடையாது. எங்கே போனது என்று கேட்டால் ஊரில் யாரும் வானத்தைக் காட்ட மாட்டார்கள், சாமி குத்தம் என்றும் சொல்ல மாட்டார்கள், கோர்ட்டில் தள்ளிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்ப்பார்கள்.

கோர்ட்டு தள்ளியது ஆவுடைச்செல்வியின் வீடியோவை. ஆவுடை ஃபேஸ்புக்கில் நேரலை போட்டு சேலை விற்கிறவள். அரிசி டிரம் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, "யக்கா, இந்தக் கலரைப் பாருங்க, துவைச்சா மங்காது" என்று அவள் முன்னால் நின்று பேச, பின்னால் அவள் அண்ணன் சொரிமுத்து ஒவ்வொரு சேலையாக விரித்துக் காட்டுவான், குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிற கை என்பதால் பட்டுச்சேலையையும் அவன் தார்ப்பாய் மாதிரிதான் உதறுவான். அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து நாற்பத்திரண்டுக்கு ஆரம்பித்த நேரலை நாலு நிமிஷம் பதினேழு நொடியில் டவர் கிடைக்காமல் அறுந்துபோனது. அதே சாயங்காலம் ஊருக்கு வெளியே இரண்டு மைல் தள்ளி, பம்பு செட்டு அறையில், சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த உலகநாதன் தலையில் அடிபட்டுச் செத்துக்கிடந்தான். அன்று காலையில்தான் வண்டி நிறுத்துகிற தகராறில் அவனும் சொரிமுத்துவும் சந்தை முழுக்கப் பார்க்கக் கட்டிப் புரண்டிருந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு மில்லுச் சங்கு ஊதிய நேரத்தில் அலறல் கேட்டதென்றும், அறைக்குள்ளிருந்து சொரிமுத்து ஓடியதைக் கண்ணால் பார்த்தோமென்றும் இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். அவர்கள் சாயங்காலம் ஓடியவனைப் பார்த்தார்களா, காலையில் உருண்டவனையே மனதில் வைத்துக்கொண்டு பேசினார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

வீடியோவைக் காட்டினால் தீர்ந்தது என்றுதான் ஆவுடை நினைத்தாள். ஆனால் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன வாரத்திலேயே ஊர் உலகத்தில் உள்ளவர்களெல்லாம் அவளுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் வந்து கொலைகாரன் தங்கச்சி என்று எழுத ஆரம்பித்தார்கள். பொறுக்கமாட்டாமல் அந்த நேரலையை ஒரு பென் டிரைவில் இறக்கி வைத்துக்கொண்டு பக்கத்தையே அழித்துவிட்டாள். அத்தோடு விட்டாளா, அந்தப் பென் டிரைவை ஜெயசிங் ஸ்டுடியோவில் கொண்டுபோய்க் கொடுத்து, "அண்ணாச்சி, ஜட்ஜய்யா பாக்கப் போற வீடியோ, கொஞ்சம் மரியாதையா இருக்கும்படி பண்ணிக் குடுங்க" என்று சொன்னாள். பெரிய மனிதர் முன்னால் ஒன்றை வெறுமனே கொண்டுபோய் வைக்கிற வழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை, மனு கொடுக்கப் போனால்கூட மனுவுக்கு மஞ்சள் தடவித்தான் கொண்டுபோவார்கள்.

ஜெயசிங் நல்லவர், அதுதான் வினையாகப் போனது. முந்நூறு கல்யாண வீடியோ எடுத்த மனிதர் இரண்டு நாள் தூங்காமல் உட்கார்ந்து வேலை பார்த்தார். ஓரத்தில் ரோஜாப்பூ பார்டர் போட்டார். ஆரம்பத்தில் சொரிமுத்துவின் பாஸ்போர்ட் போட்டோ சுழன்று சுழன்று வந்து நிற்கும்படி வைத்தார். சொரிமுத்து சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு முதுகைச் சொறிகிற இடம் ஒரு முக்கால் நிமிஷம் வந்தது, நீதிபதி முன்னால் அந்தக் கோலம் ஆகாது என்று வெட்டி எடுத்தார். நடுவில் மில்லுச் சங்கு காது கிழியும்படி ஊதியது, அந்த இரைச்சலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாதஸ்வரம் போட்டார். எல்லாம் முடிந்ததும் அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டுமென்று மூலத்தை அழித்தார், பென் டிரைவிலும் அழகுபடுத்தியதையே ஏற்றினார். சான்று வேண்டும் என்று வக்கீல் கேட்டபோது, மேற்படி வீடியோ எங்கள் ஸ்டுடியோவில் மிகுந்த அக்கறையுடன் அழகுபடுத்தப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

ரோஜாப்பூ முடிகிற வரைக்கும்கூட கோர்ட்டு பார்க்கவில்லை. எடுத்த கருவியில் எடுத்தபடியே இருக்கிறது, யாரும் கை வைக்கவில்லை என்று சான்று சொல்ல வேண்டும், இதில் கை வைக்காத இடமே இல்லையே என்று அரசு வக்கீல் கேட்டார். "இந்த நாலு நிமிஷம் பதினேழு நொடியை இந்த நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை" என்று நீதிபதி சொல்லி, சொரிமுத்துவுக்கு ஆயுள் தண்டனை எழுதினார்.

மறுநாள் சாயங்காலம் ஊரில் எல்லாக் கடையிலும் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. குழாயடியில் குடம் நிரம்பித் தெருவே ஈரமாகிக் கிடந்தது. ஆடுகள் அடுத்தவன் கடலைக்குள் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. குக்கரில் மூன்று விசிலுக்கு வைத்த பருப்பு ஆறு விசில் போய்க் கூழாகியிருந்தது, இரண்டாவது விசிலுக்கும் ஆறாவது விசிலுக்கும் நடுவில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எந்தப் பெண்ணுக்கும் நினைவில்லை, ஏனென்றால் ஒன்றும் செய்யவில்லை, தூக்கிய காலைக் கீழே வைப்பதற்குள் ஐந்து நாற்பத்தாறு ஆகியிருந்தது. நெருப்புக்கும் தண்ணீருக்கும் ஆட்டுக்கும் இருந்த நேரம் மனிதர்களுக்கு மட்டும் இல்லாமல் போனது. ஒரு வாரம் ஊர் பயந்தது. இரண்டாவது வாரம் யாரோ தீர்ப்பின் நகலை வாங்கி வந்து கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள், ஓகோ இதுதானா விஷயம் என்று பயம் தெளிந்து எல்லோரும் எழுந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். ஐந்து நாற்பதுக்கு மில்லில் மணி அடிக்க ஏற்பாடு செய்தார்கள், மணி கேட்டதும் பெண்கள் அடுப்பை அணைப்பார்கள், கம்பத்தில் மரத்தில் ஏறியவர்கள் இறங்குவார்கள், பஸ் குளத்துக் கரையில் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும், கண்டக்டர் பயணிகளோடு சேர்ந்து கடலை கொறிப்பார். சிவன் கோயில் பிரதோஷ தீபாராதனை முன்னாலேயே முடிந்தது. உள்ளூர்க் காலண்டரில் ராகு காலம், எமகண்டம் என்பதற்குக் கீழே கோர்ட்டு நேரம் என்று மூன்றாவதாக ஒரு வரி அச்சானது. பட்டணத்திலிருந்து கருவிகளோடு நாலு படித்தவர்கள் வந்து அளந்தார்கள், அவர்களுடைய நாலு நிமிஷமும் போனது, மத்தியானம் ஆட்டுக்கறிச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பழகியது போய் மெல்ல மெல்ல ஊருக்கு அது பிடித்தும் போய்விட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் கடைசி வார்த்தையை ஐந்து நாற்பத்தொன்றுக்குச் சொல்லிவிட்டால் பதில் வராது என்று கண்டுபிடித்தார்கள். குடியை விட்டேன் என்று சத்தியம் செய்த ஒருவர், நான் குடிக்கவில்லை, கோர்ட்டு நேரத்தில் பாட்டில் தானாகக் காலியாகியிருக்கிறது என்றார், பஞ்சாயத்து அவரை மறுக்க வழியில்லாமல் விட்டது. செத்துப்போன உலகநாதனின் தாய்கூட, என் பிள்ளை தலையில் அடி விழுந்த நேரம் அதுதானே, அது இல்லாமல் இருப்பது எனக்கு நல்லது, சங்குச் சத்தத்தைக் கேட்காமல் ஒரு பொழுது போகிறது என்று சொன்னாள். அவள் சொன்னதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆவுடைக்கு மட்டும் அது ஒருநாளும் பழகவில்லை. ஐந்து மணியானால் கையும் ஓடாது காலும் ஓடாது, வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாள், மணி அடித்த பிறகும் நடப்பாள், வாசல் பக்கம் எடுத்து வைத்த கால் ஐந்து நாற்பத்தாறில்தான் தரையைத் தொடும். ஊருக்கு அது நாலு நிமிஷம், அவளுக்கு அது அண்ணன். அவன் சேலை விரித்துக்கொண்டு நின்ற நேரத்தை அவள் கையாலேயே கொண்டுபோய் ரோஜாப்பூ சுற்றிக் கெடுத்தாள், அதை நினைத்தால் சோறு இறங்காது. ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போன ஒருநாள் சொரிமுத்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "எனக்கு அந்த நாலு நிமிஷமும் இங்க இருக்கு பிள்ள, உங்களுக்குத்தான் இல்ல. தெனமும் அந்த நேரம் ஊர் இருக்க தெசையப் பாத்து நிக்கேன்" என்றான். அன்று பஸ்ஸில் வரும்போதே மேல்முறையீட்டுக்கு வேறு வக்கீல் வைப்பது என்று முடிவு செய்தாள்.

மதுரையில் அட்வகேட் ரெஜினா கேஸ் கட்டு முழுவதையும் படித்துவிட்டு, வெட்டாத ஒட்டாத மூலம் ஒன்று எங்கேயாவது இருந்தால் ஐகோர்ட்டில் அதைப் புதுச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம், யார் போனில் இருக்கிறதோ அவரே சான்றில் கையெழுத்துப் போட வேண்டும், இது இல்லாமல் நான் எவ்வளவு கத்தினாலும் பிரயோசனமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆவுடை பழைய ஆர்டர் நோட்டைத் தேடி எடுத்தாள். அந்த நேரலையைப் பார்த்து சேலை கேட்டவர்கள் ஏழு பேர். ஏழு வீட்டுக்கும் நடந்தாள். ஆறு பேரிடம் சேலை இருந்தது, வீடியோ இல்லை. ஏழாவது, மேலத் தெரு முத்துக்கனி. துபாயில் இருக்கும் புருஷனுக்குக் காட்டுவதற்காக அவள் நேரலையைத் திரையோடு பதிவு செய்து வைத்துக்கொள்கிறவள் என்று ஆவுடைக்குத் தெரியும். இல்லையே யக்கா என்று முத்துக்கனி சொன்ன வேகத்திலேயே, இருக்கிறது என்று ஆவுடைக்குத் தெரிந்துவிட்டது.

ஏன் மறைக்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ள ஜோசியர் வீடு வரைக்கும் போக வேண்டியிருந்தது. முத்துக்கனிக்கு இரண்டு வயதில் ஒரு பையன், கோர்ட்டு நேரத்தில் பிறந்தவன். ஐந்து நாற்பத்திரண்டுக்கு வலியில் கத்தியவள் ஐந்து நாற்பத்தாறில் பார்த்தபோது பிள்ளை பக்கத்தில் கிடந்து அழுதது. ஆஸ்பத்திரி நோட்டில் பிறந்த நேரத்துக்கு உள்ள கட்டம் காலியாகவே கிடந்தது. அன்றைக்குக் கார்த்திகை நட்சத்திரம் முடிந்து ரோகிணி பிறந்தது ஐந்து நாற்பத்து நாலுக்கு. கார்த்திகை என்றால் ஒன்றுமில்லை. ரோகிணியில் பிறந்த ஆண்பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது. முத்துக்கனிக்கு அப்பா அம்மா கிடையாது, இருப்பது ஒரே ஒரு அண்ணன் பூதத்தான், கரண்டு ஆபீஸில் வயர்மேன், பகலெல்லாம் கம்பத்தின் மேல் இருப்பவர். அந்த நாலு நிமிஷம் இல்லாதவரைக்கும் பிள்ளைக்கு நட்சத்திரம் இல்லை, அண்ணனுக்கு ஆபத்தும் இல்லை, வீடியோ கோர்ட்டுக்குப் போனால் அந்த நேரமும் திரும்பி வந்துவிடும். இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு தோஷமே கிடையாது என்று ஊரில் சிலர் நாள் குறித்துப் பெற்றுக்கொள்ளக்கூட ஆரம்பித்திருந்தார்கள்.

ஆவுடை மறுபடியும் மேலத் தெருவுக்குப் போனாள். முத்துக்கனி இந்தத் தடவை மறைக்கவில்லை, அலமாரியைத் திறந்து, கண்ணாடி விரிசல் விட்ட பழைய போனைச் சேலைகளுக்கு நடுவிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு மறுபடியும் உள்ளே வைத்துப் பூட்டினாள்.

"உங்க அண்ணனுக்காவ எங்க அண்ணனக் கேக்கியளே யக்கா" என்றாள். "உங்க அண்ணன் உள்ள இருந்தாலும் உசுரோட இருக்காவள்லா. எங்க அண்ணன் கை வழுக்குனா எனக்கு ஆரு இருக்கா?"

ஆவுடைக்குச் சண்டை போட வாய் வந்தது, ஆனால் போடவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் பூட்டித்தான் வைப்பேன் என்று தோன்றியது, அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தாள். எட்டு நாள் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முத்துக்கனி வீட்டுப் பக்கம் போவாள், பாதியில் திரும்புவாள். போலீஸ் வைத்துப் போனை எடுக்கலாம் என்று ரெஜினா சொன்னதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் சாலையில் போகும்போது அவள் கண் தானாகக் கம்பங்களின் மேலே போனது, அங்கே காக்கிச் சட்டை தெரிந்தால் நடை நின்றது.

ஒன்பதாம் நாள் காலையில் பூதத்தான் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தாடி வைத்த, நிதானமான ஆள். அவருக்குப் பின்னால் முத்துக்கனி, அழுது வீங்கிய முகம், இடுப்பில் பிள்ளை. ஊரில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் வயர்மேனுக்குத் தெரியாமல் இருக்குமா, தங்கை வீட்டில் மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று உட்கார்ந்து அவளைச் சம்மதிக்க வைத்திருந்தார். போனை அரிசி டிரம் மேல் வைத்தார்.

"எம் மருமவனுக்கு மூணு வயசு ஆவப் போவுது" என்றார். "பேரு வைக்க நட்சத்திரம் இல்ல, கோயில்ல அர்ச்சனைன்னா ஐயர் முழிக்காரு. பொறந்த நேரமே இல்லாத பிள்ளைக்கு மாமனா இருக்கதுக்கு, ஆவாத மாமனா இருந்துட்டுப் போறேன். வச்சுக்கோங்க."

ஆவுடை காபி போட்டாள், அதில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள், பூதத்தான் முகம் சுளிக்காமல் குடித்தார். முத்துக்கனி குடிக்கவில்லை. போகும்போது அவள் திரும்பி, "அவுகளுக்கு ஒண்ணு ஆனா நீங்கதான் யக்கா" என்றாள். அது சாபமா பொறுப்பா என்று ஆவுடை கேட்டுக்கொள்ளவில்லை, இரண்டுக்கும் சேர்த்தே தலையை ஆட்டினாள்.

ஐகோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் முன்னால் வீடியோ ஓடியது. பூ இல்லை, நாதஸ்வரம் இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிய சொரிமுத்து முதுகைச் சேலை மாட்டும் கொக்கியால் சொறிந்துகொண்டு நின்றான், நீலச் சேலையைத் தலைகீழாகப் பிடித்ததற்காகத் தங்கையிடம் ஏச்சு வாங்கினான், அப்போது மில்லுச் சங்கு நீளமாக ஊதியது, "சங்கு ஊதிட்டு, சட்டுனு முடி, பால் வாங்கப் போவணும்" என்று அவன் சொன்னான். பம்பு செட்டில் அலறல் கேட்டது அதே சங்கு நேரத்தில்தான் என்று இரண்டு சாட்சிகளும் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள், ஒருவன் இரண்டு இடத்தில் நிற்க முடியாது என்பதைச் சொல்ல ரெஜினாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மூன்று வருஷம் ஏன் சொல்லவில்லை என்று அரசு வக்கீல் முத்துக்கனியைக் கேட்டார். ரோகிணிய்யா, என்றாள் அவள். எங்க அண்ணன் கரண்டுல வேல பாக்காவ. அரசு வக்கீல் மேலே கேட்க வாயெடுத்தார், மேடையில் இருந்த மூத்த நீதிபதி, போதும் என்று கையைக் காட்டினார். தண்டனை ரத்தானது, உண்மையில் அடித்தவன் யார் என்பதைப் போலீஸ் முதலிலிருந்து தேட வேண்டும் என்றும், அந்த நாலு நிமிஷம் பதினேழு நொடியைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம் என்றும் தீர்ப்பில் எழுதினார்கள்.

அன்று சாயங்காலம் மணி அடித்தது, ஊர் வழக்கம்போல அடுப்பை அணைத்துவிட்டு நின்றது, ஐந்து நாற்பத்திரண்டு வந்தது, அதற்குப் பின்னால் ஐந்து நாற்பத்து மூன்று வந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தெருவில் ஒருவரையொருவர் பார்த்துச் சும்மா சிரித்தார்கள். கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்திருந்த மனைவிகளுக்குப் பதில் வந்தது. ஐந்தே முக்காலுக்குச் சங்கு ஊதியபோது உலகநாதனின் தாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், அவளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரி நோட்டில் காலியாக இருந்த கட்டத்தில் நர்ஸம்மாவின் கையெழுத்திலேயே நீல மையில் ஐந்து நாற்பத்தைந்து என்று இருந்தது. ரோகிணி. பூதத்தான் அன்றே ஜாதகம் எழுதி வாங்கி, சட்டம் போட்டு, தங்கை வீட்டில் மாட்டினார், முத்துக்கனி அதைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டினாள்.

ஊருக்கு ஆவுடைமேல் கொஞ்சம் கோபம்தான், நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தது என்றார்கள். இரண்டு வாரத்தில் அதுவும் பழகிவிட்டது, கடைகளில் பால் அந்த நேரத்தில் காய்ந்தது, பஸ் நேராக உள்ளே வந்தது. கரண்டு ஆபீஸில் மறுநாளே அந்த நேரத்துக்கும் வேலை போட ஆரம்பித்திருந்தார்கள்.

கடுதாசி வேலைகள் முடிந்து சொரிமுத்து வெளியே வர இருபது நாள் ஆனது. நாலரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினான், மெலிந்திருந்தான், வீட்டுக்குள் போய் ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்தான். ஆவுடை அவனுக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், அவன் சாப்பிடுவதைப் பார்த்து அழுதாள், மூன்று வருஷம் அவள் வேண்டிக்கொண்டிருந்த சாயங்காலம் அதுதான். ஆனாலும் ஐந்தரை ஆனதும் அவளுக்கு உட்கார முடியவில்லை. இதோ வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். எங்கே என்று அவன் கேட்பதற்குள் தெருவில் இறங்கி நடந்தாள், அவன் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பின்னால் வந்தான்.

கீழத் தெரு முனையில், கம்பத்தில் மூங்கில் ஏணி சாத்தியிருந்தது. உச்சியில் இடுப்புக் கயிறு கட்டிய பூதத்தான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கீழே முத்துக்கனி அண்ணாந்து பார்த்தபடி நின்றாள், ஆவுடை போய் அவள் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். இருபது நாளும் இப்படித்தான், எந்தத் தெருவில் எந்தக் கம்பமோ, ஐந்து நாற்பத்திரண்டிலிருந்து இரண்டு பேரும் கீழே நிற்பார்கள். "வீட்டப் பாத்துப் போங்கம்மா, எனக்குத்தான் கூச்சமா இருக்கு" என்று அவர் மேலேயிருந்து சொல்வார், அவர்கள் போக மாட்டார்கள். இன்றைக்கும் சொன்னார்.

சொரிமுத்து இரண்டு பெண்களையும் பார்த்தான், மேலே இருந்தவரையும் பார்த்தான். தங்கை அவனிடம் எதையும் சொல்லவில்லை, இந்த மனிதர் யார் என்று அவனுக்கு வக்கீலம்மா சொல்லியிருந்தார். அவன் அவர்களைத் தாண்டிப் போய், ஏணியின் இரண்டு காலையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதத்தை மண்ணில் அழுத்தி ஊன்றி நின்றான். மில்லுச் சங்கு ஊதியது. அவன் பிடியை விடவில்லை.